படம் சரி, எங்கே நின்று எடுத்தீர்கள்?

நம் ரயில் புகைப்படப் போட்டியை ஆண்டுதோறும் நடத்தும் குழுவினருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முடிவுகளைப் பார்த்தேன். என் படம் எதுவும் தேறவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அனுப்பிய மூன்றும் சுமாரான படங்கள்தான், அது எனக்கே தெரியும். பல வருடங்களாகப் படம் அனுப்புகிறேன், இரண்டு முறை முதல் சுற்றில் நடுவர் வேலையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பரிசு பெற்ற படத்தைச் சொல்ல வேண்டும். அழகான படம், மறுக்கவில்லை. விடியற்காலை மஞ்சள் வெளிச்சத்தில் டபிள்யூஏபி-7 என்கிற மின்சார இன்ஜின் ஒன்று நேர்முகமாக வருகிறது. இரண்டு தண்டவாளங்களும் படத்தின் கீழ் மூலைகளில் தொடங்கி நடுவில் போய்ச் சேருகின்றன. முன்னால் சிலீப்பர் கட்டைகளும் ஜல்லியும் ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. மின்கம்பி நேர் மேலே ஓடுகிறது.

இப்போது கேட்கிறேன். கேமரா எங்கே இருந்தது?

உங்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி வரவில்லையா, வந்தும் விட்டுவிட்டீர்களா என்று தெரியவில்லை. நம் ஆட்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு தண்டவாளமும் இடம் வலம் சமமாக விரிந்து, கட்டைகள் காலடியிலிருந்தே தொடங்கினால், எடுத்தவர் தண்டவாளத்துக்கு நடுவே குந்தியிருக்கிறார். அதே நேர்முகத்தை வெளியே நின்றும் எடுக்கலாம். பாதை வளைந்து திரும்புகிற இடத்தில், நேர்ப்பகுதி எங்கே போய் முட்டுமோ அந்தக் கோட்டில், வேலிக்கு அப்பால் நின்று, தூரத்தைக் கிட்டே காட்டுகிற 300 மி.மீ. லென்ஸ் போட்டால் கிடைத்துவிடும். ஆனால் அப்படி எடுத்தால் முன்புறத்தில் வளைவு தெரியும், காலடியில் புல்லோ வரப்போ இருக்கும், கட்டைகள் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கின மாதிரி இருக்கும். மேம்பாலத்திலிருந்து எடுத்தால் ரயிலின் கூரை தெரியும். பரிசு பெற்ற படத்தில் இவை எதுவும் இல்லை. போதாததற்கு, படத்தோடு வந்த கேமரா விவரத்தில் குவியத் தூரம் 35 மி.மீ. என்று நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள்.

35 மி.மீ. லென்ஸில் அந்த இன்ஜின் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதென்றால் அது எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்க வேண்டும்! அகன்ற லென்ஸின் ஆபத்தே அதுதான். வ்யூஃபைண்டருக்குள் பார்க்கும்போது ரயில் இன்னும் தூரத்தில் இருப்பது போலவே இருக்கும், கண்ணை எடுத்துப் பார்த்தால் தலைக்கு மேல் நிற்கும். நீள லென்ஸில் இன்னொரு ஏமாற்று: ரயில் அசையாமல் அங்கேயே நிற்பதாகத் தோன்றும். இன்று பல பாதைகளில் 130 கி.மீ. வேகத்துக்கு அனுமதி உண்டு. கணக்குப் போட்டால் நொடிக்கு 36 மீட்டர். 400 மீட்டர் தள்ளி வருகிற வண்டி 11 நொடியில் உங்கள் மேல் இருக்கும். இன்னொரு கிளிக், இன்னொரு கிளிக் என்று நிற்பதற்குள் முடிந்துபோகும்.

ஆல்கோ என்கிற பழைய வகை டீசல் இன்ஜின்களின் காலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே மூச்சிரைப்பு கேட்கும், எழுந்து நகர நேரம் இருந்தது. மின்சார இன்ஜின் அப்படி வருவதில்லை. எதிர்க்காற்று அடித்தால் பக்கத்தில் வரும்வரை சத்தமே இருக்காது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டி போகும்போது மற்றதன் சத்தம் அதற்குள் அமுங்கிவிடும்.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 147-ஆவது பிரிவு: அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாம் பரிசும் சான்றிதழும் கொடுத்துக் கொண்டாடியிருப்பது இந்தப் பிரிவில் வருகிற ஒரு காரியத்தை.

“நாங்கள் படத்தைத்தான் பார்க்கிறோம், பாதுகாப்பு அவரவர் பொறுப்பு, அதற்குத்தான் உறுதிமொழி வாங்குகிறோமே” என்று முன்பொரு முறை எனக்குப் பதில் வந்தது. உறுதிமொழிப் படிவத்தில் டிக் போடுவதற்கு ஒரு நொடி ஆகும். அதை யாரும் படிப்பதில்லை. பரிசு பெற்ற படத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அடுத்த வருடம் என்ன அனுப்பினால் ஜெயிக்கலாம் என்று பதினாறு வயதுப் பையன் கற்றுக்கொள்வது அந்தப் படத்திலிருந்துதான். விதிமுறையில் என்ன எழுதினாலும், உங்கள் உண்மையான விதி முதல் பரிசுதான்.

ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பாதையோரம் ஆள் நிற்பதைப் பார்த்தாலே அவருக்குக் கை பிரேக் பக்கம் போகுமாம். நிற்பவன் படம் எடுக்க வந்தவனா, சாக வந்தவனா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியாது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அவர் பணிக்காலத்தில் சிலர் விலகாமல் நின்றிருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் நேர்முகப் படங்களில் இன்ஜின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் மங்கலாகத் தெரிகிறதே, அது இந்த யோசனையில் இருக்கிற முகம்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: ஒவ்வொரு படத்தோடும் எங்கே நின்று எடுத்தது என்று இரண்டு வரி கேளுங்கள். “லெவல் கிராசிங், கேட்டுக்கு வெளியே.” “பிளாட்பார முனை, சரிவில் இறங்காமல்.” “சாலை மேம்பாலம்.” “வயல் வரப்பு, பாதையிலிருந்து இத்தனை மீட்டர்.” சொல்ல முடியாத படம் மதிப்பெண் போடுவதற்கு முன்பே வெளியே போகட்டும். அழகுக்குப் பத்துக்குப் பத்து, பாதுகாப்புக்குப் பூஜ்யம் என்று கூட்டிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது. மேம்பாலத்தில் நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். கீழே போகிற கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது, தொட வேண்டிய அவசியமே இல்லை, கிட்டே போனாலே பாயும். செல்ஃபி குச்சியைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்குகிறது.

இப்படி விதி வைத்தால் நல்ல படமே வராது என்பவர்களுக்குப் பாம்பனைக் காட்டுகிறேன். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்துதான் அந்தக் கடல் பாலத்தின் ஆகச்சிறந்த படங்கள் பல எடுக்கப்பட்டிருக்கின்றன. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தது, செங்குத்தாகத் தூக்குகிற நடுப்பகுதியோடு. அதையும் ஒரே படத்தில் அடக்கச் சாலைப் பாலத்தின் மேலே நின்றால் போதும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவே போகும் வண்டியை ஊர்ச் சாலையிலிருந்தும் குளக்கரையிலிருந்தும் எடுக்கலாம். அங்கே நடக்கத்தான் கொஞ்சம் உடம்பு வணங்க வேண்டும். கோவாவின் தூத்சாகர் அருவிப் பாலத்துக்குத் தண்டவாளத்தில் நடந்து போகாதீர்கள் என்று ரயில்வேயே 2023-இல் மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் கூட்டத்தில் கேமராப் பையோடு நம் ஆட்கள் யாரும் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

சரி, மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து நடுவர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண், சராசரி எடுத்து வரிசை. நியாயமாகத்தான் தெரிகிறது. ஒரு படத்துக்கு 7, 7, 7, 7, 8 என்று விழுகிறது, சராசரி 7.2. இன்னொன்றுக்கு 10, 10, 9, 3, 3. சராசரி 7. முதல் படத்தைப் பார்த்து ஒருவருக்கும் மனம் துள்ளவில்லை, ஆனாலும் அது ஜெயிக்கிறது. இரண்டாவது இரண்டு பேரைப் பிடித்து உலுக்கியிருக்கிறது, ஆனாலும் தோற்கிறது. நான் நடுவராக இருந்தபோது இதே கதை நடந்தது. ஒரு பெண் கேட்கீப்பர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறக்கும் முன் பாதையை இரு பக்கமும் திரும்பிப் பார்க்கிற படம். ரயில் போய்விட்டது, கடைசிப் பெட்டிகூட இல்லை. நான் பத்து போட்டேன். “ரயில் எங்கே?” என்று மூன்று போட்டார் ஒருவர். அப்புறம் என்ன, இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. இப்படி மதிப்பெண் பிளந்து நிற்கிற படங்களையாவது நடுவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மூன்று போட்டவர் ஏன் என்று சொல்லட்டும், பத்து போட்டவரும் சொல்லட்டும். அந்தப் பேச்சில்தான் தீர்ப்பு வரும், கால்குலேட்டரில் வராது.

“ரயில் எங்கே” என்றவர் நல்ல மனிதர், என் நண்பரும்கூட. அவருடைய கண் இன்ஜின் கண். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். இன்ஜின் எண்ணைப் படித்து ஈரோடு ஷெட், அரக்கோணம் ஷெட், ராயபுரம் ஷெட் என்று சொல்வதில் ஒரு சுகம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்கமாக வராத இன்ஜின் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தால் அது ஆஃப்லிங்க், உடனே இரண்டு மதிப்பெண் கூடுதல். இது தகவலுக்குக் கொடுக்கிற மதிப்பெண். அந்தச் சேதியை நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் போதும், பரிசு எதற்கு? கரும்புகையும் அப்படித்தான். ஆல்கோ இன்ஜின் கிளம்பும்போது டர்போ வேகமெடுப்பதற்குள் டீசல் அதிகம் பாய்ந்து அரைகுறையாக எரிவதால் வருகிற புகை அது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் புகை வந்தாலே பரிசு என்று ஆகிவிட்டால் படம் எடுத்தவர் செய்தது என்ன?

வெயில் விதி இன்னொன்று. இன்ஜின் முகத்திலும் பக்கவாட்டிலும் வெயில் விழுந்தால்தான் படம் என்று எழுதப்படாத சட்டம். அது குளிர்நாட்டுக்காரர்கள் வகுத்த பாடம். அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும், தெற்கே நின்றால் வேலை முடிந்தது. நம் ஊரில் அப்படியா? சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். திருச்சி–ஈரோடு மாதிரிக் கிழமேற்காக ஓடும் பாதையில் ஜூன் மாத மதியம் தெற்கே நின்றவர் படம் இருட்டடிக்கும். அது அவர் தவறு என்று நாம் குறித்தோம், சரி. ஆனால் ஐப்பசி மழையில், வெயிலே இல்லாமல், ஈரத் தண்டவாளத்தில் ஹெட்லைட் வழிகிற படத்தையும் “வெளிச்சம் போதவில்லை” என்று கழித்தோமே, அது நம் தவறு.

நீலகிரி மலை ரயிலைப் பற்றி ஒரு குறிப்பு சென்ற முறை வந்ததே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லாறு தாண்டி மேலேறும் வண்டியின் படத்துக்கு, “இன்ஜின் முன்னால் இருந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்” என்று ஒரு நடுவர் எழுதியிருந்தார். ஐயா, அங்கே மேலேறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளத்தான் செய்யும். சில இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற பல்சக்கரப் பாதை அது, இன்ஜின் பள்ளத்துப் பக்கம் நிற்பதுதான் பாதுகாப்பு. 1899-இல் குன்னூர் வரை வண்டி ஓடத் தொடங்கிய பாதை, தள்ளிக்கொண்டு ஏறுவதுதான் அங்கே வழக்கம். படத்தில் முன் பெட்டியின் மேடையில் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் நின்றிருந்தார், எதிரே பாதையைப் பார்த்தபடி. இன்ஜின் இல்லாத முன்பக்கத்துக்கு அவர்தான் கண். படமே அவரைப் பற்றியது. நடுவர் இன்ஜினைத் தேடிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் சொல்லவில்லை. இது தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இப்போது ஐந்து பேரும் ரயில் ஆர்வலர்கள், ஐந்து பேரும் ஆண்கள், ஐந்து பேரும் கிட்டத்தட்ட ஒரே ஊர்க்காரர்கள். ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிற ஒருவர் என்று கலந்தால் பார்வை மாறும். பெயரை மறைத்து மதிப்பெண் போடுகிறோம் என்கிறீர்கள். அந்த மாமரத்தையும் கிலோமீட்டர் கல்லையும் பார்த்தாலே யார் படம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வெளியாள் ஒருவருக்காவது தெரியாமல் இருக்கட்டும்.

திருத்தம் செய்த படங்களைப் பற்றி இந்த வருடம் பெரிய சண்டை நடந்தது. ஒருவர் மின்கம்பத்தை அழித்திருக்கிறார், இன்னொருவர் வானத்தையே மாற்றியிருக்கிறார். “வின்ஸ்டன் லிங்க் செய்யாததா?” என்று ஒருவர் கேட்டார். ரயில் படத்துக்கு உலகமே மதிக்கிற பெயர், அதனால் அந்தக் கதையைப் பார்த்துவிடுவோம். 1956-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு திறந்தவெளித் திரையரங்கு. காரில் ஒரு ஜோடி, எதிரே திரையில் ஒரு விமானம், பின்னால் நீராவி வண்டி. நாற்பதுக்கும் மேற்பட்ட ஃப்ளாஷ் பல்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்டு எடுத்தார். அந்த வெளிச்சத்தில் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது, விமானத்தைத் தனியாக எடுத்து அச்சில் சேர்த்தார். ஆமாம், ஒட்டுவேலைதான். ஆனால் வண்டி அந்த வண்டி, பாதை அந்தப் பாதை, புகை அன்று வந்த புகை. ரயிலைப் பற்றி அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு எல்லை அங்கேதான் இருக்கிறது. ஆவணப் பிரிவில் கம்பத்தைக்கூட அழிக்கக் கூடாது. கலைப் பிரிவு என்று தனியே வைத்து, செய்ததைச் சொல்லிவிட்டால் போகட்டும். இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் கேமராவின் மூல ஃபைலைக் கேளுங்கள். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படத்தை அனுப்பி சோனி போட்டியில் ஒரு பிரிவில் ஜெயித்து, பரிசு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். நம் போட்டிக்கு அப்படி அனுப்புகிறவர் திருப்பிக் கொடுப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இப்போதைக்கு அந்தப் படங்களில் போகியின் சக்கரங்களை எண்ணினாலே பல நேரம் மாட்டிக்கொள்கிறார்கள், எத்தனை நாளைக்கோ.

பழைய படங்களுக்கு ஒரு பிரிவு வேண்டும் என்று நான் கேட்பது இது எத்தனையாவது முறை என்று எனக்கே நினைவில்லை. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார வண்டிகள் 2004-இல் நின்றன. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010-இல் நின்று, 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. அந்தப் பாதையில் இருக்கிற கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் சின்ன வண்டி போன காட்சி இனி யாருக்கும் கிடைக்காது. அவையெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், மாப்பிள்ளையை வழியனுப்ப நின்ற பிளாட்பாரத்தில், ஓரமாகப் பதிவாகியிருக்கும். எடுத்தவருக்கு ரயிலில் ஆர்வமே இருந்திருக்காது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சாய்வு. அதை 45 மெகாபிக்சல் படத்தோடு ஒரே தராசில் வைத்தால் என்ன ஆகும்? தனித் தட்டில் வையுங்கள். எந்த வருடம், எந்த ஸ்டேஷன், படத்தில் இருப்பவர் யார் என்ற குறிப்புக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக, முடிவை அறிவிக்கும்போது ஒவ்வொரு பரிசுக்கும் நாலு வரி காரணம் எழுதுங்கள். தோற்ற படங்களில் பத்தையாவது எடுத்து ஏன் என்று சொல்லுங்கள். “அருமை”, “வாழ்த்துகள்”, கைகூப்பும் பொம்மை, இவற்றால் யாருக்கும் படம் எடுக்க வராது.

இனி என் விஷயம்.

ஏழு வருடம் முன்பு இதே போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, ஞாபகம் இருக்கும். மேல்மருவத்தூர்ப் பக்கம், மார்கழிப் பனி, பனியைக் கிழித்துக்கொண்டு வருகிற எக்ஸ்பிரஸ். உங்கள் காலண்டரில் ஜனவரி மாதத்துக்கு அதைத்தான் போட்டீர்கள். சென்ற மாதம் ஒரு பையன் மெசேஜ் அனுப்பினான். பிளஸ் டூ படிக்கிறானாம். “அண்ணா, அந்தப் படம் எந்த இடத்தில் நின்று எடுத்தீங்க? நானும் அதே ஆங்கிள்ல ட்ரை பண்ணணும்.”

பதில் எழுத இரண்டு நாள் ஆனது. நான் நின்றது “அப்”, “டவுன்” என்கிற எதிரெதிர்த் திசைப் பாதைகள் இரண்டுக்கும் நடுவில். பனியில் முன்னால் வருகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மற்றப் பாதையில் வந்த சரக்கு வண்டி எனக்குக் கேட்கவே இல்லை. அது கடந்து போன காற்றில் டிரைபாட் சாய்ந்தது, நான் ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே கிடந்தபடி இரண்டு வண்டியும் போய் முடியும்வரை கண்ணை மூடியிருந்தேன். பிறகு அந்தக் கதையை நம் சந்திப்புகளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீங்களும் எத்தனை தடவை சிரித்திருப்பீர்கள். அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் பரிசு கொடுத்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பையனுக்கு இடத்தைச் சொல்லவில்லை. அங்கே நின்றது தப்பு என்று மட்டும் எழுதினேன். “ஓகே அண்ணா” என்றான். நம்பினானா என்று தெரியவில்லை. பரிசு வாங்கின படம் இன்னும் உங்கள் வெற்றியாளர் வரிசையில் இருக்கும்போது எப்படி நம்புவான்?

ஆகவே அந்த இரண்டாம் பரிசை என் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் எடுத்தோம் என்று படத்தின் கீழே இரண்டு வரி போடுங்கள், என் பெயரை மறைக்க வேண்டியதில்லை. இந்த வருட முதல் பரிசைப் பற்றி நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், தண்டவாளத்தில் குந்தியவர் அதை வாங்கிய தம்பி மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரியட்டும்.

சான்றிதழையும் கோப்பையையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். கோப்பையின் ஒரு காது கழன்றிருக்கும். சின்னவள் அதில் பென்சில் போட்டு வைத்திருந்தாள். மன்னிக்கவும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்